ஸ்டெல்லா அக்கா குளிர்வித்த கூடம்

செய்தி ரவியிடமிருந்து வந்தது. பழைய சக ஊழியர்கள் சேர்ந்து வைத்திருக்கும் வாட்சாப் புலனக் குழுவில், சனிக்கிழமை காலை, இரண்டே வரி. "ஸ்டெல்லா அக்கா தவறிட்டாங்க. டிங்கிக் காய்ச்சலாம். நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்குறாங்க." அப்போது நான் அசாம் ஜாவா ஊரில் வழக்கமாகப் பசியாறும் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரொட்டி சானாய் மேசைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் கறி ஊற்றட்டுமா என்று கேட்டார். ஊற்றுங்கள் என்றேன். அந்த இரண்டு வரிகளைப் படித்த பிறகும் நான் கறி ஊற்றச் சொன்னேன், சாப்பிட்டேன் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு எவ்வளவு தகுதி உண்டு என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

குழுவில் கும்பிடும் கைகளும் மெழுகுவர்த்திகளும் வரிசையாக வந்தன. புதிதாகச் சேர்ந்த ஒருவர், "யார் இவங்க?" என்று கேட்டிருந்தார். யாரும் பதில் எழுதவில்லை. இதை எழுதுவது கேள்வி கேட்ட அவருக்கும், பதில் தெரிந்தும் எழுதாமல் இருந்த நமக்கும்.

மரிய ஸ்டெல்லா பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் கோல சிலாங்கூரில் குளிரூட்டி பழுதுபார்க்கும் ஒரு ஏர்கோன் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஏர்கோன் கழுவிய பெண் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். கதவைத் திறப்பவர்கள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஆம்பள யாரும் வரலியா?" என்று கேட்பார்களாம். "ஏணி புடிக்க ஆள் வேணும்னா நீங்களே வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன் என்று ஒருமுறை சொன்னார். வேலை செய்துகொண்டே சான்றிதழ்ப் படிப்பும் முடித்தார். நாற்பது வயதில் எங்கள் தரவு மையத்துக்கு வந்தார். நான் அங்கே ஏற்கெனவே ஓராண்டு இருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா என்று கூப்பிட்டேன்.

தரவு மையத்தைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எண்ணெய் தரும் செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுக் கட்டிய, சன்னல் இல்லாத பெரிய கட்டடம். உள்ளே உயரமான இரும்பு அடுக்குகளில் கணினிகள். அவை இரவு பகல் ஓடுவதால் சூடு கக்கிக்கொண்டே இருக்கும். சுவரோரத்தில் இருக்கும் குளிர்விப்பு இயந்திரங்கள் குளிர்காற்றைத் தரைக்கு அடியில் தள்ளும். துளையிட்ட தரைப்பலகைகள் வழியாக அது அடுக்குகளின் முன்பக்கம் மேலே வரும். கணினிகள் அதை முன்னால் இழுத்துப் பின்னால் சூடாகத் துப்பும். எல்லாம் இவ்வளவுதான். இந்தக் காற்று போகும் வழி கெட்டுவிட்டால் எவ்வளவு குளிரை ஊட்டினாலும் பயனில்லை.

எங்கள் கூடத்தில் அது கெட்டுத்தான் கிடந்தது. ஆறு இயந்திரங்களும் முழுவேகத்தில் ஓடின. நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினோம். ஆனால் மூன்றாவது வரிசையில் மேல்தட்டுக் கணினிகள் சூடு தாங்காமல் வாரம் ஒருமுறை எச்சரிக்கை மணி அடிக்கும். இன்னும் இரண்டு இயந்திரங்கள் வாங்க மேலாளர் மேலிடத்துக்கு எழுதியிருந்தார். அக்கா வந்த முதல் வாரம் அது. அவர் கூடத்துக்குள் நடந்தார். தரையில் கம்பிகள் இறங்கும் ஓட்டை ஒன்றுக்குமேல் குனிந்து கையை வைத்தார். அவருடைய சட்டைக்கை படபடத்தது.

"தம்பி, இங்க வந்து கைய வை," என்றார்.

வைத்தேன். ஐஸ்போல காற்று பாய்ந்து வந்தது. அந்த இடத்தில் கணினியே இல்லை.

"குளிரு பத்தலன்னு யாரும் சொல்லாதீங்க. குளிரு இருக்கு. போவ வேண்டிய எடத்துக்குப் போவல, அவ்ளோதான்."

மறுநாள் மெல்லிய காகிதக் கைக்குட்டைகளை நாடா நாடாவாகக் கிழித்துக்கொண்டு வந்தார். அவற்றை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, அடுக்குகளின் முன்பக்கத்தில் அங்கங்கே பிடித்துக் காட்டினார். காகிதம் உள்நோக்கிச் சாய வேண்டும். சில இடங்களில் அது எங்களைப் பார்த்து வெளியே ஆடியது. கணினி இல்லாத காலி இடைவெளிகள் வழியாகப் பின்பக்கச் சூடு முன்னால் வந்து, அதே கணினிகளுக்குள் மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. நான் அந்த அடுக்குகளுக்கு நடுவில் ஓராண்டு நடந்திருக்கிறேன். ஒருநாளும் இதை நினைத்துப் பார்த்ததில்லை.

"காத்துக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி தம்பி. சுலபமான வழி எதுவோ அதுலதான் போவும். நாமதான் மத்த வழிய எல்லாம் அடைக்கணும்."

மேலாளர் நம் தமிழ் ஆள்தான், கோலாலம்பூர்க்காரர். அவரிடம் அக்கா ஒரு மாதம் அவகாசம் கேட்டார். காலி இடைவெளிகளை மூடும் தகடுகள் வாங்கக் கேட்டபோது, "மொதல்ல பண்ணிக் காட்டுங்க, பிறகு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டார். தேர்தல் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சுங்கை புரோங் வயல்வெளிச் சாலை ஓரமெல்லாம் வேட்பாளர்களின் நெகிழிப் பலகைகள் சாய்ந்து கிடந்தன. அக்கா தம் கணவரின் லோரியில் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவிக் காயவைத்து, அளவாக வெட்டினார். எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் அடுக்குகளில் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். ஒரு தட்டில் ஒருவருடைய மீசை மட்டும் தெரிந்தது. ரவி அதற்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். "பேசாம இருக்கற வரைக்கும் எல்லாரும் நல்லா வேல செய்றாங்க லா," என்றார் அக்கா. அந்த மாதம் நாங்கள் சிரித்ததுபோல அந்தக் கூடத்தில் பிறகு எப்போதும் சிரித்ததில்லை.

தரை ஓட்டைகளை எல்லாம் தூரிகைபோன்ற அடைப்புகளால் மூடினோம். யாரோ எப்போதோ, வேலை செய்யும்போது குளுகுளுவென்று இருக்கட்டும் என்று சூடான பக்கத்தில் போட்டிருந்த துளைப்பலகைகளை எடுத்து முன்பக்கம் மாற்றினோம். குளிர்ந்த சந்துகளின் இரண்டு முனைகளிலும் கண்ணாடிபோல் தெரியும் நெகிழிப் பட்டைகளைத் திரையாகத் தொங்கவிட்டோம். குளிர் குளிரோடு, சூடு சூட்டோடு. பிறகு வாரத்துக்கு ஒரு டிகிரி என்று கூடத்தின் வெப்பநிலையை மெல்ல ஏற்றினார். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் அன்று முழுக்க மூன்றாவது வரிசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கவே இல்லை. நாங்கள் கம்பளிச் சட்டைகளைக் கழற்றினோம். கடைசியில் ஆறு இயந்திரங்களில் இரண்டை நிறுத்தினார். கூடத்தின் வெப்பநிலை அசையவில்லை. அன்று எல்லாருக்கும் பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி, வாங்கி வந்தார். 

நிறுத்திய இரண்டும் ஓய்வில் நிற்க வேண்டும், ஓடுவதில் ஒன்று கெட்டால் உடனே எழுப்ப வேண்டும் என்பது அவருடைய கணக்கு. அதை எழுதியும் கொடுத்தார். ஆனால் மேலிடத்துக்கு அவை சும்மா நிற்கும் இயந்திரங்களாகத் தெரிந்தன. சில மாதங்களில் ஒரு லோரி வந்து இரண்டையும் வேறொரு கட்டடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. அதோடு நிற்கவில்லை. கூடம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று புதிய அடுக்குகளைக் கொண்டுவந்து காலியிடங்களை நிரப்பினார்கள். அக்கா மேலாளர் அறைக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

"நாலு போதும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் மேலாளர்.

"அப்ப இருந்த ரேக்குக்கு நாலு போதும்னு சொன்னேன் சார். இப்ப எவ்ளோ அடுக்கியிருக்கீங்க, பாருங்க. ஒண்ணு நின்னுச்சின்னா என்ன பண்றது?"

"நிக்காது. நீங்க இருக்கீங்கல்ல."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றார். "நல்லா செஞ்சதுதான் தப்பாப் போச்சி தம்பி. மட்டமா செஞ்சிருந்தா அந்த ரெண்டும் இங்கயே இருந்திருக்கும்."

இடிமழை பெய்த ஒரு பிற்பகலில் அவர் பயந்தது நடந்தது. மின்னல் வெட்டி விளக்குகள் ஒருமுறை மங்கி எரிந்தன. நான்கு இயந்திரங்களில் இரண்டு நின்றன. மறுபடி எழுப்ப முடியவில்லை, கட்டுப்பாட்டுப் பலகைகள் கருகிவிட்டிருந்தன. அக்கா என் கையில் வெப்பமானியைக் கொடுத்து மூன்றாவது வரிசைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். இருபத்தாறில் இருந்தது மெல்ல ஏறி முப்பத்தொன்றுக்கு வந்தது. அங்கே அதன் வேகம் குறைந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டு இயந்திரங்களின் குளிர், திரைகள் இருந்ததால், சிதறாமல் கணினிகளின் முகத்துக்கே போய்க்கொண்டிருந்தது.

"சார், புதுசா வச்ச ரெண்டு வரிசையையும் ஆஃப் பண்ணிடலாம். மத்ததெல்லாம் தப்பிச்சிடும்," என்றார் அக்கா.

மேலாளரின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "கஸ்டமர் மிஷின எப்படி ஆஃப் பண்றது? அந்தப் பிளாஸ்டிக்க எடுங்க மொதல்ல. காத்து போவட்டும்!"

"எடுத்தா பின்னால இருக்கற சூடு முன்னால வந்திரும் சார். அஞ்சு நிமிஷம் குடுங்க, நான் ஆஃப் பண்ணிக் காட்டுறேன்."

அக்கா திரைக்கு முன்னால் போய் நின்றார். கைகளை விரிக்கவெல்லாம் இல்லை. சும்மா நின்றார். மேலாளர் என்னைப் பார்த்தார். "சேகர், பிச்சி எடு."

நான் அக்காவைச் சுற்றிக்கொண்டு போய்த் திரையைப் பிய்த்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து மாட்டிய திரை. எந்தக் கொக்கியை முதலில் இழுத்தால் முழுதும் கழன்று வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு முனைகளிலும் பிய்த்துவிட்டு வந்து வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்தைந்து. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தெட்டு. கணினிகளின் விசிறிகள் ஒன்றாகச் சேர்ந்து ஓலமிட்டன. பிறகு ஒவ்வோர் அடுக்காகத் தாமே அணைந்தன. கடைசி அடுக்கும் அடங்கியபோது மழைச் சத்தம் கேட்டது. அந்தக் கட்டடத்துக்குள் நான் மழைச் சத்தம் கேட்டது அன்றுதான். அக்கா தரையில் கிடந்த பட்டைகளைப் பொறுக்கி மடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அறிக்கை தயாரானது. ஊழியர் ஒருவர் பொருத்திய நெகிழித் திரைகள் காற்றோட்டத்தைத் தடுத்தன, அவற்றை அகற்ற அவர் தடையாக இருந்தார் என்று அதில் எழுதியிருந்தது. எடுத்துச் செல்லப்பட்ட இரண்டு இயந்திரங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. நேரில் பார்த்தவன் என்ற இடத்தில் நான் கையெழுத்திட வேண்டும். வெப்பநிலை அளவுகளை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. "அது வேணாம்லா, படிக்கறவங்களுக்குக் கொழப்பமாகும்," என்றார் மேலாளர். என் மூத்த மகள் அந்த மாதம்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. கையெழுத்திடும்போது எனக்கு என்ன நினைவுக்கு வந்தது என்று மட்டும் சொல்கிறேன். கையெழுத்திட்டேன்.

அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. போகும் நாளன்று ஒவ்வொருவரிடமும் வந்து சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தபோது, "மூணாவது வரிசைய பாத்துக்க," என்றார்.  பிறகு இரண்டு தரவு மையங்களில் வேலை கேட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். இந்தத் துறை சின்னது, அந்த அறிக்கை அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் கோல சிலாங்கூரில் ஒரு மீன் குளிர்க்கிடங்கில் இயந்திரம் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். அந்தச் சாலை வழியாக நான் வாரம் இரண்டு முறை போகிறேன். ஒருநாள் அவரைப் போய்ப் பார்க்க நினைத்தேன் என்று எழுதக் கை வருகிறது. நினைக்கவில்லை. அந்த இடம் வரும்போது வண்டியை வேகமாக ஓட்டினேன்.

காய்ச்சல் வந்த முதல் இரண்டு நாளும் வேலைக்குப் போயிருக்கிறார். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாராம். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். கோயிலிலும் கல்லறையிலும் பின்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் போனேன். அவருடைய கணவர் அமல்ராஜ் என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். அந்தக் கை அவ்வளவு காய்த்துப்போயிருந்தது.

"ஒங்களப் பத்தி சொல்லிக்கிட்டே இருப்பா தம்பி. அந்த எடத்துல வேலைய புரிஞ்சிக்கிட்ட ஒரே ஆளு சேகருதான்னு."

அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"திரைய யாரு பிச்சான்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல. கேட்டா, யாரோ ஒருத்தன், சொன்னத செஞ்சான், விடுங்கன்னுவா. ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே, யாரு அது?"

அவருடைய மகள், பள்ளி இறுதியாண்டில், ஐந்தாம் படிவம் படிக்கும் பெண், மைலோ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். தாயின் அதே நெற்றி. சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. "அன்னிக்கு ஒரே கொழப்பமா இருந்துச்சிண்ணே," என்றேன். மைலோவைக் குடித்தேன். விடைபெற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

அமல்ராஜ் அண்ணன் இதைப் படிப்பாரா என்று தெரியவில்லை. அது நான்தான் அண்ணே.

கூடம் இப்போது எப்படி இருக்கிறது என்று பழையவர்கள் கேட்கக்கூடும். திரைகள் இல்லை. அறிக்கைக்குப் பயந்து இடைவெளித் தகடுகளையும் பாதிக்கு மேல் பிடுங்கிவிட்டார்கள். புதிதாக நான்கு இயந்திரங்கள் வந்து எட்டாக ஓடுகின்றன. நாங்கள் மறுபடியும் கம்பளிச் சட்டை போடுகிறோம். மூன்றாவது வரிசையில் மறுபடியும் மணி அடிக்கிறது. அவர் செய்ததில் ஒன்றுகூட மிச்சமில்லை. அது சரியான வேலை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான். அதைச் சொன்னால் யாருக்காவது பயன்பட்டிருக்கும் என்ற காலம் போன வாரத்தோடு முடிந்துவிட்டது.

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரே ஒரு தொலைபேசி உரையாடல். அவர் எங்களைவிட்டுப் போய் ஏழெட்டு மாதம் இருக்கும். மாலை நேரம், நான் வீட்டில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, ஒரு எடத்துல வேலைக்குக் கூப்புட்டிருக்காங்க. அந்த ரிப்போர்ட்டப் பத்திக் கேக்கறாங்க. அன்னிக்கு மீட்டரு ஒன் கையிலதான இருந்துச்சி. திரைய பிக்கிறதுக்கு முன்னாடி எவ்ளோ, பிச்சதுக்கு அப்புறம் எவ்ளோன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தா போதும். வேற ஒண்ணும் எழுத வேணாம். நம்பர் ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லக்கா," என்றேன்.

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டேன். 

"சரிப்பா," என்றார். "சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை.